அண்ணாமலையார் ஊரில் பாலில்லாச் சாப்பாடு

நனிசைவம் என்பது இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றோடு பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், தேன் ஆகியவற்றையும் விலக்கிய உணவு முறை. வீகன் என்று உலகெங்கும் வழங்கும் பெயர் இதற்கு 1944இல் இங்கிலாந்தில் கிடைத்தது. சைவ உணவுக்காரர்களுக்குள்ளேயே பாலையும் கைவிட விரும்பிய சிலர் அந்த ஆண்டு நவம்பரில் டொனால்ட் வாட்சன் என்பவரின் முயற்சியால் தனிச் சங்கம் கண்டார்கள். தமிழ்நாட்டில் ‘சுத்த சைவம்’ என்று பலகை மாட்டிய கடையில் பாலுக்கும் நெய்க்கும் தடையில்லை. அவை சைவத்துக்குள் அடங்கியவை. ஆகவே திருவண்ணாமலைக்கு வரும் நனிசைவருக்குச் சைவக் கடை கிடைப்பதில் சிரமமே இல்லை. எந்தப் பண்டத்தில், சமையலின் எந்தக் கட்டத்தில் பால் நுழைகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்துவிட்டால், ஊரின் மிகச் சிறிய டிபன் கடையிலேயே வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வரலாம்.

கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு முன்னால் தேரடி வீதி, அதையொட்டிய கடைத்தெருக்கள், காய்கறியும் பூவும் வந்து இறங்கும் ஜோதி மார்க்கெட் என்று ஊரின் பழைய வணிகப் பகுதி கோயிலைச் சுற்றியே அமைந்திருக்கிறது. மூட்டை இறக்குபவர்கள், பூக்கட்டுபவர்கள், ஆட்டோக்காரர்கள், முதல் பஸ்ஸில் வந்து இறங்கும் பக்தர்கள் என்று விடியலிலேயே பசியோடு நிற்கும் கூட்டம் இங்கே உண்டு. அவர்களுக்காக நடப்பவைதான் நின்று சாப்பிடும் சிறு கடைகள். முன்பக்கம் ஒரு தோசைக்கல், பக்கத்தில் இட்லிக் கொப்பரை, இடுப்பளவு உயரத்தில் ஒரு பலகை அல்லது எவர்சில்வர் மேடை. பல கடைகளில் உட்காரும் இடமே இருக்காது. தட்டில் வாழையிலைத் துண்டைப் போட்டு இட்லியை வைத்ததும் வாளியிலிருந்து சாம்பாரும் சட்டினியும் விழும். தள்ளுவண்டியில் நடந்தால் அதுவே கையேந்தி பவன்.

நனிசைவருக்கு இந்த அமைப்பில் பெரிய வசதி ஒன்று இருக்கிறது. பெரிய ஓட்டலில் சமையல் சுவருக்குப் பின்னால் நடக்கும். பரிமாறுபவருக்கே உள்ளே என்ன சேர்த்தார்கள் என்று தெரியாமல் போகலாம். இங்கே சமைப்பவரும் சாப்பிடுபவரும் கையெட்டும் தூரத்தில் நிற்கிறார்கள். தோசையைச் சுற்றி ஊற்றுவது எண்ணெய்க் கிண்ணத்திலிருந்தா, நெய்க் கிண்ணத்திலிருந்தா என்பது கண்ணெதிரே தெரியும். “மாஸ்டர், நெய் வேணாம், எண்ணெயே ஊத்துங்க” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. கொழுப்புக்குப் பயந்தும் விரதத்துக்காகவும் பத்தியத்துக்காகவும் ஒவ்வொன்றைத் தள்ளிச் சாப்பிடுகிறவர்களைத் தினமும் பார்க்கிற கடைகள் அவை.

இன்னொரு காரணம் விலை. நெய் எண்ணெயைவிடப் பல மடங்கு விலை கூடியது. பத்து இருபது ரூபாய் வித்தியாசத்தில் வாடிக்கையாளர் கடை மாறிவிடும் தெருவில், கேட்காதவருக்கு யாரும் நெய் ஊற்றுவதில்லை. பெரிய ஓட்டலில் நெய் ரோஸ்ட், நெய்ப் பொடி இட்லி, வெண்ணெய் தோசை என்று பெயரிலேயே பெருமையாக நிற்கும் பொருள், சிறு கடையில் தனிக்காசு கொடுத்துக் கேட்டால்தான் வரும். கடை எளிமையாக ஆக ஆக அதன் சமையல் நனிசைவத்தை நெருங்குகிறது. பணக்கார உணவு முறை என்று பெயர் வாங்கிவிட்ட ஒன்று தமிழ்நாட்டுத் தெருவோரத்தில் ஏழையின் வழக்கமாகவே நெடுங்காலம் இருந்துவருகிறது என்பது கவனிக்கத்தக்கது.

காலை டிபனை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். இட்லி அரிசியும் உளுந்தும் உப்பும் தண்ணீரும் மட்டுமே. இரவு முழுதும் புளித்து ஆவியில் வேகிறது. தோசையும் அதே மாவுதான். கல்லைத் துடைக்கப் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்ப்பது இங்கே பழக்கம். மசால் தோசையின் உருளைக்கிழங்கிலும் பால் இல்லை. மெதுவடையும் பருப்பு வடையும் எண்ணெயில் பொரிந்தவை. பூரிக்குக் கோதுமை மாவு, தண்ணீர், உப்பு. தேங்காய்ச் சட்டினி, காரச் சட்டினி, இந்த வட்டாரத்துக்கே உரிய மல்லாட்டை (நிலக்கடலை)ச் சட்டினி எல்லாவற்றுக்கும் தாளிப்பு எண்ணெயில்தான். சாம்பாரில் துவரம்பருப்பு, புளி, காய், பெருங்காயம். பெருங்காயம் ஒரு செடியின் வேர்ப்பகுதியிலிருந்து வடியும் பால் உறைந்து கிடைக்கும் பிசின். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோந்தும் மாவும் கலந்திருக்கும். அதிலும் விலங்குப் பொருள் எதுவும் இல்லை.

சிக்கல் வெண்பொங்கலில் தொடங்குகிறது. அரிசியும் பாசிப்பருப்பும் குழைந்த அந்தப் பண்டத்துக்கு நெய்தான் உயிர். மிளகும் சீரகமும் முந்திரியும் நெய்யில் பொரிந்தே அதில் விழும். இறுதியில் மேலே ஊற்றுவது என்றால் நிறுத்தச் சொல்லலாம். பொங்கலில் அது அண்டாவிலேயே கலந்துவிடுகிறது. கேசரியும் அப்படித்தான். ரவா தோசையில் சிலர் புளிப்புக்காக மோர் கலக்கிறார்கள். ரவா இட்லியில் பெரும்பாலும் தயிர் இருக்கும். மைசூர் போண்டாவிலும் தயிர் சேர்வதுண்டு. உப்புமா கடைக்குக் கடை மாறும். இவை நான்கையும் கேட்டுவிட்டு வாங்குவதே நல்லது.

கேசரிக்கும் பொங்கலுக்கும் விலை கட்டுப்படுத்த நெய்க்குப் பதில் வனஸ்பதி சேர்க்கிற கடைகளும் உண்டு. டால்டா என்ற பழைய வணிகப் பெயரால் இன்றும் அழைக்கப்படும் வனஸ்பதி, தாவர எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கியது. கணக்குப்படி அது நனிசைவமே. உடலுக்கு நல்லதா என்பது வேறு விஷயம்: இதயத்துக்குக் கேடான டிரான்ஸ் கொழுப்பு அதில் மிகுதியாக இருந்ததால், 2022 ஜனவரி முதல் எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு கட்டியது. பாலை விலக்கியதாலேயே ஒரு பண்டம் நல்ல உணவாகிவிடாது என்பதற்கு இது தெளிவான சான்று.

மதியச் சாப்பாட்டில் பால் பொருள்கள் வரிசையின் இரு முனைகளில் நிற்கின்றன. முதலில் பருப்புக்கு நெய். கடைசியில் மோரும் பாயசமும். நடுவிலுள்ள பொரியல், கூட்டு, சாம்பார், காரக்குழம்பு, வற்றல் குழம்பு, அப்பளம், ஊறுகாய் ஆகியவை பெரும்பாலும் தாவர உணவு. ரசத்தை மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். வீட்டிலும் விருந்திலும் அதை நெய்யில் தாளிப்பார்கள், சிறு மெஸ்ஸில் எண்ணெயில்தான். மோர்க்குழம்பும் தயிர்ப் பச்சடியும் வரும் நாள்கள் உண்டு. பார்வைக்குத் தப்பிவிடுகிற ஒன்று மோர் மிளகாய்: மிளகாயைக் கீறி உப்பிட்ட மோரில் ஊறவைத்து வெயிலில் காயவைத்து வறுக்கிறார்கள். தட்டின் ஓரத்தில் கறுத்துக் கிடக்கும் அதில் மோர் இருப்பது பலருக்கு நினைவே வராது.

வெயில் ஏறியதும் சாலையோரக் கூழ்க் கடைகள் களைகட்டும். கேழ்வரகைக் கரைத்துப் புளிக்கவைத்துக் காய்ச்சி, நொய்யரிசிச் சோற்றோடு சேர்த்துக் கரைப்பது வட ஆற்காட்டுக் கூழ். அண்டாவில் இருக்கும்வரை அதில் பால் இல்லை. சொம்பில் ஊற்றிக் கொடுக்கும்போதுதான் மோர் சேர்கிறது. மோர் வேண்டாம் என்றால் உப்பும் தண்ணீரும் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயமும் மாங்காய்த் துண்டும் வைத்துத் தருவார்கள். கோடையில் இதைவிடப் பொருத்தமான நனிசைவ உணவை எந்த நாட்டு உணவகமும் தந்துவிட முடியாது.

மாலையில் தோசைக்கல் கைமாறுகிறது. முட்டையும் அசைவமும் போடுகிற பரோட்டாக் கடைகளில் அதே கல்லில் ஆம்லெட்டும் கலக்கியும் விழும். பரோட்டா மாவில் முட்டையோ பாலோ சேர்ப்பதுண்டு. குருமாவில் தயிர் விழுவதும் உண்டு. சைவம் மட்டுமே போடும் கடையைத் தேர்ந்தெடுத்து இட்லி, ஊத்தப்பம், இடியாப்பம் என்று நிறுத்திக்கொள்வது எளிது. இடியாப்பத்துக்கும் ஆப்பத்துக்கும் தேங்காய்ப்பால் ஊற்றுகிற கடை கிடைத்தால் அது விருந்து. தின்பண்டங்களில் கடலை மிட்டாய், எள்ளுருண்டை, பொரியுருண்டை, வறுத்த கடலை, சுண்டல், பஜ்ஜி ஆகியவற்றில் பால் சேர்வதில்லை. அல்வா, மைசூர்பாகு, வெண்ணெய் முறுக்கு, பால்பவுடர் கலந்த பன், பிஸ்கட் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டியிருக்கும். சில நாடுகளில் சர்க்கரையை வெளுக்க எலும்புக்கரி பயன்படுத்துவதால் அங்குள்ள நனிசைவர்கள் சர்க்கரையையும் சந்தேகிப்பார்கள். இந்திய ஆலைகளில் பெரும்பாலும் கந்தகப் புகையாலும் சுண்ணாம்பாலும் கரும்புச் சாற்றைத் தெளியவைப்பதால் இங்கே அந்தக் கவலை குறைவு.

சாப்பாட்டில் எளிதாகத் தீர்ந்த பிரச்சினை டீக்கடையில் கடினமாகிறது. தமிழ்நாட்டில் டீ என்றாலும் காப்பி என்றாலும் பாலோடுதான். பாய்லரில் பால் கொதித்துக்கொண்டே இருக்கும்; டிகாக்‌ஷன் அதில் சேரும் பொருள்தான். வரக்காப்பி, கட்டன் டீ, எலுமிச்சை டீ என்று கேட்டால் கிடைக்கும். இவற்றைவிடச் சிறந்தது சுக்குக் காப்பி. சுக்கு, மல்லி, மிளகு தட்டிப் போட்டு வெல்லமோ கருப்பட்டியோ சேர்த்துக் கொதிக்கவைக்கும் இந்தப் பானத்தில் பாலுக்கு இடமே இல்லை. பால் ஊற்றாததால் எதையோ இழந்த உணர்வும் வருவதில்லை. மலையைச் சுற்றும் கிரிவலப் பாதையில் இரவு நடப்பவர்களுக்குச் சுக்குக் காப்பிக் கடைகள்தான் துணை. இளநீரும் கரும்புச் சாறும் நுங்கும் பருவத்துக்கேற்ப இருக்கின்றன.

கிரிவலம் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடை. பௌர்ணமி இரவுகளில் லட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். வழியெங்கும் அன்பர்கள் அன்னதானம் செய்கிறார்கள்: புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தக்காளிச் சோறு, சாம்பார் சோறு, தயிர்ச் சோறு. கடைசியாகச் சொன்னதைத் தவிர மற்றவை பெரும்பாலும் எண்ணெயில் தாளித்தவை. கோயில் பிரசாதங்களிலும் இதே பிரிவு உண்டு. புளியோதரை நல்லெண்ணெயில் செய்வது. நல்லெண்ணெய் இல்லாவிட்டால் அது புளியோதரையே இல்லை. சர்க்கரைப் பொங்கலில் நெய், பஞ்சாமிர்தத்தில் நெய்யும் தேனும்.

திருவண்ணாமலையில் நனிசைவம் பேசும்போது இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. இந்த ஊரின் வழிபாடு பாலிலும் நெய்யிலும் ஊறியது. அண்ணாமலையார் எனப்படும் அருணாசலேசுவரருக்கு அன்றாடம் பால் அபிஷேகம். கார்த்திகை தீபத்தன்று 2,668 அடி உயர மலையுச்சியில் ஏற்றும் மகாதீபத்துக்குக் கொப்பரையில் ஊற்றும் நெய் ஆயிரக்கணக்கான கிலோ. நெய் இங்கே ருசிப் பொருள் என்ற நிலையைக் கடந்து காணிக்கை ஆகிவிட்டது. மலையடிவாரத்தில் ரமணாச்ரமம். 1896 செப்டம்பர் 1ஆம் தேதி இவ்வூருக்கு வந்த ரமண மகரிஷி 1950இல் மறையும்வரை ஊரைவிட்டு நீங்கவில்லை. விடியற்காலையில் ஆசிரமச் சமையற்கட்டில் உட்கார்ந்து காய் நறுக்குவதிலும் துவையல் அரைப்பதிலும் அவரே பங்கெடுத்தார். எதையும் வீணாக்க விடமாட்டார். அங்கு வளர்ந்த லட்சுமி என்ற பசு 1948 ஜூன் 18 அன்று இறந்தபோது அருகில் இருந்தார். அதற்குச் சமாதி எழுப்பி, அது முக்தி அடைந்ததாகத் தாமே பாடலும் எழுதினார். ஆசிரமத்தில் இன்றும் கோசாலை இருக்கிறது. பந்தியில் மோரும் உண்டு.

உயிரின் மீது இவ்வளவு கருணை காட்டிய மரபு பாலை விலக்கவில்லை. 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அணையா அடுப்பேற்றிய வள்ளலாரின் சீவகாருணியமும் கொலையையும் புலாலையும்தான் மறுத்தது. கன்று குடித்தது போக மிஞ்சியதைக் கறந்தால் பசுவுக்குக் குறையில்லை என்பது பழைய வீட்டின் அனுபவம். நனிசைவர்களின் கேள்வி அந்த வீட்டைப் பற்றியது இல்லை. இன்றைய பால் தொழிலைப் பற்றியது. உலகில் அதிகம் பால் உற்பத்தி செய்யும் நாடு இந்தியா. 2023–24இல் சுமார் 23.9 கோடி டன். மாடு பால் கொடுக்க வேண்டுமானால் கன்று ஈன வேண்டும். ஈனும் கன்றுகளில் பாதி காளை. டிராக்டர் வந்த பிறகு ஏருக்கும் வண்டிக்கும் தேவைப்படாத காளைக் கன்று என்ன ஆகிறது, கறவை வற்றிய மாடு எங்கே போகிறது என்று அவர்கள் கேட்கிறார்கள். நேர்மையான கேள்வி அது. ஒன்றிரண்டு மாடுகளை வைத்துக்கொண்டு கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் ஊற்றிக் குடும்பம் நடத்தும் பெண்களுக்கு வேறு வருமானம் என்ன என்ற எதிர்க்கேள்வியும் அதே அளவு நேர்மையானது. நனிசைவம் பேசுகிறவர்கள் இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும்.

பாலை விடுவது இந்தியாவுக்கு முற்றிலும் புதியதும் இல்லை. காந்தி 1912இல் தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் இருந்தபோது பாலைக் கைவிட்டார். கல்கத்தாவில் மாட்டைக் கடைசிச் சொட்டுவரை கறக்கக் கையாண்ட கொடிய முறைகளைப் பற்றிப் படித்ததும் அதற்கு ஒரு காரணம். சில ஆண்டுகளுக்குப் பிறகு கடும் நோயில் உடல் தளர்ந்தபோது, அவருடைய விரதம் பசும்பாலையும் எருமைப்பாலையும் மனத்தில் வைத்து எடுத்ததுதானே என்று கஸ்தூரிபா சொன்ன வழியில் ஆட்டுப்பாலை ஏற்றார். விரதத்தின் சொல்லைக் காத்து அதன் கருத்தை மீறிவிட்டதாக சத்திய சோதனையில் வருந்தி எழுதியிருக்கிறார். நம் காலத்தில், திருவண்ணாமலையிலிருந்து நூறு கிலோமீட்டர் அளவு தொலைவிலுள்ள ஆரோவில்லில் 2003இல் தொடங்கிய சாதனா ஃபாரஸ்ட் என்ற காடு வளர்ப்புச் சமூகம் முழுக்க நனிசைவச் சமையலையே நடத்துகிறது. கொள்கை எதுவும் இல்லாமல், பால் செரிக்காததால் மட்டுமே விடுகிறவர்களும் கணிசம். பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் நொதி வளர்ந்த பிறகு பலருக்குக் குறைந்துவிடுகிறது. தென்னிந்தியரிடம் இது வட இந்தியரைவிட அதிகம்.

ரமணாச்ரமத்தை ஒட்டிய ரமண நகரிலும் செங்கம் சாலையிலும் நனிசைவம் வேறு உருவில் இருக்கிறது. நவம்பர் முதல் மார்ச் வரை வெளிநாட்டினர் வந்து தங்கும் பருவம். அவர்களுக்காக நடக்கும் சிற்றுணவகங்களின் பட்டியலில் தேங்காய்ப்பால் காப்பியும் டோஃபுவும் கொண்டைக்கடலை ஹம்மஸும் சிறுதானியக் கிண்ணங்களும் இடம்பெறுகின்றன. தேரடி வீதி டிபனைவிட விலை பல மடங்கு. இருபுறமும் சாப்பிடுகிறவர்கள் ஒருவர் கடைக்கு மற்றவர் போவது அரிது. ஓட்ஸ் பாலையும் பாதாம் பாலையும் பெட்டியில் வரவழைத்து வைத்திருக்கும் கடைகளுக்குப் பக்கத்து வயலிலேயே சரக்கு விளைகிறது என்பதுதான் இங்கே சொல்ல வேண்டியது.

திருவண்ணாமலை மாவட்டம் தமிழ்நாட்டில் நிலக்கடலை மிகுதியாக விளையும் மாவட்டங்களில் ஒன்று. மல்லாட்டை என்று ஊர் சொல்லும் அந்தக் கடலையில் எடையில் கால் பங்கு புரதம், பாதியளவு எண்ணெய். அதிலிருந்து பால் எடுப்பது கடினமில்லை. தோல் நீக்காத பச்சைக் கடலையை எட்டு மணி நேரம் ஊறவைத்து, தோலைக் கசக்கி நீக்கி, ஏறத்தாழ ஐந்து பங்கு தண்ணீர் விட்டு நைசாக அரைத்து, துணியில் வடிகட்டிக் கிண்டிக்கொண்டே கொதிக்கவிட வேண்டும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிடுவதும் நன்றாகக் கொதிக்கவிடுவதும் பச்சை வாடையைக் குறைக்கும். ஆறிய பாலில் காம்போடு கூடிய மிளகாய்களைப் போட்டு மூடிவைத்தால் காம்பிலுள்ள நுண்ணுயிர்கள் அதைத் தயிராகத் தோய்த்துவிடும். அடுத்த முறை அந்தத் தயிரே உறை. ஆரோவில்லில் இயங்கும் ஷரன் அமைப்பு இந்தக் கடலைத் தயிரைத் தன் சமையல் வகுப்புகளில் பல ஆண்டுகளாகக் கற்றுத்தருகிறது. தாளித்துக் கொட்டி, கொத்தமல்லி தூவினால் மோருக்கு அது நல்ல மாற்று. காப்பிக்கு மட்டும் கடலை வாசம் சற்றுத் தூக்கலாகத் தெரியும். அதற்குத் தேங்காய்ப்பால் மேல். தேங்காய்ப்பாலைத் தளதளவென்று கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். சூடாக்கி இறக்கிய பிறகே டிகாக்‌ஷன் சேர்க்க வேண்டும்.

மாவட்டத்தின் மேற்கிலுள்ள ஜவ்வாது மலையில் மலையாளி பழங்குடி மக்கள் விளைவிக்கும் சாமை, ஆரணி, களம்பூர் ஆலைகளிலிருந்து வரும் அரிசி, ஊரெங்கும் கிடைக்கும் கேழ்வரகு, எள் என்று முழு நனிசைவக் கடை ஒன்றுக்கு வேண்டிய சரக்கெல்லாம் ஐம்பது அறுபது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. சாமைப் பொங்கலுக்கு மிளகைத் தேங்காயெண்ணெயில் பொரித்து, கடைசியில் கெட்டித் தேங்காய்ப்பால் கொஞ்சம் விட்டால் நெய்யின் வழுவழுப்பு வந்துவிடும்; மணம் வேறாகத்தான் இருக்கும், அதை மறைக்க வேண்டியதில்லை. அதே ஜவ்வாது மலையின் தேனும் ஆரணியின் பட்டும் கண்டிப்பான நனிசைவர் ஒதுக்குபவை. பட்டு நூலுக்காகக் கூட்டுப்புழுவை உயிரோடு வெந்நீரில் போடுகிறார்கள் என்பதால் அந்தப் பட்டியலில் உடையும் சேர்ந்துகொள்கிறது.

சந்தைக்குள் ஒரு பலகையும் சில முக்காலிகளுமாக முழு நனிசைவக் கடை நடத்துவது உலகில் நடந்திருக்கிற காரியம். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 1917இல் தொடங்கிய கிராண்ட் சென்ட்ரல் மார்க்கெட்டில் 2015இல் ‘ராமன் ஹுட்’ என்ற சிறு கடை திறந்தார்கள். பன்றி எலும்பை நெடுநேரம் கொதிக்கவைத்து எடுக்கும் ஜப்பானிய ராமன் சூப்பின் வெண்மையையும் அடர்த்தியையும் அவர்கள் சூரியகாந்தி விதையை வேகவைத்துக் கொண்டுவந்தார்கள். எண்ணெய் வித்தை நீரோடு சேர்த்தால் பால் போன்ற குழம்பு கிடைக்கும் என்ற அதே உண்மைதான் மல்லாட்டைப் பாலிலும் இருக்கிறது. கொல்லிமலையில் முடவாட்டுக்கால் என்ற பெரணிக் கிழங்கில் ஆட்டுக்கால் சூப்பின் மணத்தோடு சூப் வைத்துச் சந்தையில் விற்பதும் இறைச்சிச் சூப்பைத் தாவரத்தில் கொண்டுவரும் அந்த வகையே. அதை நனிசைவம் என்று யாரும் பெயரிட்டு விற்கவில்லை.

அப்படி ஒரு முழு நனிசைவக் கடைக்குத் திருவண்ணாமலைச் சந்தையில் கடினமான பகுதி இட்லி தோசையில் வராது, காப்பியில்தான் வரும். காலை டிபனுக்கு வருகிறவர் காப்பியும் அங்கேயே குடிக்க விரும்புவார். பால் காப்பி இல்லையென்றால் டிபனையும் அடுத்த கடையில் முடித்துக்கொள்வார். சுக்குக் காப்பியை முன்னால் வைத்து, தேங்காய்ப்பால் காப்பியைக் கேட்பவருக்கு மட்டும் கொடுப்பது நடைமுறைக்கு உகந்தது. கடையிலேயே புதிதாக எடுக்கும் தாவரப் பால்கள் விரைவில் கெடும். ஐஸ்பெட்டி இல்லாத கடை அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுக்க வேண்டும்.

பெட்டியில் அடைத்து விற்கும் பொருள்களுக்கு இப்போது சட்டமே இருக்கிறது. பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி சைவத்தைக் குறிக்கும். அதில் பாலுக்கு இடமுண்டு. நனிசைவப் பொருளுக்கென்று தனி விதிமுறைகளை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்டது. அவற்றின்படி அனுமதி பெற்ற பொருளில் பச்சைச் சதுரத்துக்குள் இலை துளிர்க்கும் ஆங்கில ‘வி’ எழுத்து இருக்கும். சோயாவிலோ பாதாமிலோ எடுத்ததைப் ‘பால்’ என்று பெட்டியில் அச்சிட்டு விற்கக் கூடாது என்றும் 2021இல் அதே ஆணையம் உத்தரவிட்டது. தேங்காய்ப்பால் போன்று காலங்காலமாக வழங்கும் பெயர்களுக்கு விலக்கு உண்டு. கடையில் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுப்பதற்கு லேபிள் எதுவும் இல்லை. அங்கே சமைப்பவரின் சொல்தான் சான்று.

சத்தைப் பொறுத்தவரை இந்த உணவில் ஒரே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது: வைட்டமின் பி12. தாவர உணவில் அது நம்பத்தக்க அளவில் கிடைப்பதில்லை. புளித்த இட்லி மாவும் கூழும் அதை ஈடுகட்டுவதில்லை. பெரியவர் ஒருவருக்கு நாளுக்கு வேண்டியது சுமார் 2 மைக்ரோகிராம்தான் என்றாலும், குறைந்தால் இரத்தசோகையும் கைகால் மரத்துப்போவதும் நரம்புக் கோளாறும் வரும். உடலில் பழைய சேமிப்பு இருப்பதால் பாதிப்பு தெரியச் சில ஆண்டுகள் ஆகலாம். ஆகவே பாலை முற்றிலும் விட்டவர்கள் பி12 மாத்திரை எடுத்துக்கொள்வது கட்டாயம். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் மருத்துவரைக் கேட்காமல் பாலை விடக் கூடாது. சுண்ணாம்புச் சத்துக்கு அந்த அளவு கவலை வேண்டியதில்லை. 100 மில்லி பசும்பாலில் சுமார் 120 மில்லிகிராம் சுண்ணாம்பு இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல், எள்ளில் அதைப்போல் மும்மடங்குக்கு மேல். இட்லியோடு எள்ளுப் பொடியும் நல்லெண்ணெயும், மதியம் கீரை மசியல், வெயிலில் மோரில்லாக் கூழ் என்று சாப்பிடுகிறவருக்கு அது தானாகவே சேரும். புரதத்துக்குப் பருப்பும் உளுந்தும் சுண்டலும் மல்லாட்டையும் எந்தக் கடையிலும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன.